வலி குறைந்தது சரி, எதனால் குறைந்தது?

"முட்டி வலிக்கு ஒரு எண்ணெய் தேய்த்தேன், பத்தே நாளில் போய்விட்டது" என்பார் ஒருவர். ஊசி போட்ட பிறகுதான் நிம்மதியாகத் தூங்கினேன் என்பார் இன்னொருவர். மூன்றாமவர் இடுப்புக்குப் பெல்ட் கட்டினேன், அதுதான் காப்பாற்றியது என்பார். மூன்று பேரும் பொய் சொல்லவில்லை. வலி இருந்தது, ஏதோ செய்தார்கள், வலி குறைந்தது. ஆனால் அந்த எண்ணெயோ ஊசியோ பெல்ட்டோ இல்லாமல் இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று அவர்களுக்குத் தெரியாது, தெரிந்துகொள்ள வழியும் கிடையாது, ஏனென்றால் அதே ஆள் அதே பத்து நாளை இரண்டு விதமாக வாழ்ந்து பார்க்க முடியாது. மூட்டு, முதுகு, தோள்பட்டை வலிகளுக்கு எந்தச் சிகிச்சை உண்மையில் பலன் தருகிறது என்று ஆராய்கிறவர்கள் முதலில் மோதுவது இந்தச் சுவரில்தான். அதை எப்படித் தாண்டுகிறார்கள், தாண்டிப் பார்த்தபோது என்னவெல்லாம் தெரிந்தது என்பதை மருத்துவப் படிப்பு இல்லாதவர்களுக்கும் புரிகிற மாதிரி சொல்லப் பார்க்கிறேன்.

முதலில், இது எவ்வளவு பெரிய விஷயம் என்று ஒரு வரி. 2020ல் உலகம் முழுக்க சுமார் 61.9 கோடிப் பேருக்கு இடுப்பு வலி, அதாவது கீழ் முதுகு வலி, இருந்தது, 2050ல் அது 84.3 கோடியாகும் என்று கணித்திருக்கிறார்கள். இடுப்பு வலி மட்டும் இவ்வளவு. முட்டியும் கழுத்தும் தோளும் தனிக் கணக்கு.

சரி, சிகிச்சை எடுத்தவுடன் வலி குறைந்தால் அதற்கு என்னென்ன காரணம் இருக்கலாம்? சிகிச்சை வேலை செய்திருக்கலாம், அது ஒன்று. ஆனால் வேறு மூன்று காரணங்களும் எப்போதும் கூடவே இருக்கும். முதலாவது, இந்த வலிகளில் பெரும்பாலானவை தானாகவே குறைகிறவை, திடீரென்று பிடித்துக்கொண்ட இடுப்பு நிறைய பேருக்குச் சில வாரங்களில் விட்டுவிடும். இரண்டாவது, கொஞ்சம் நுட்பமானது. நாள்பட்ட வலி ஏறும், இறங்கும், மறுபடி ஏறும். லேசாக வலிக்கிற நாளில் யாரும் டோக்கன் வாங்கிக்கொண்டு டாக்டர் முன்னால் உட்காருவதில்லை, தாங்க முடியாமல் உச்சத்துக்குப் போன நாளில்தான் போவோம். உச்சத்துக்கு அடுத்து இறக்கம்தானே வரும்? அந்த நேரத்தில் எதைச் செய்தாலும் அது பலித்த மாதிரிதான் இருக்கும், ஐப்பசியில் மழைக்கு வேண்டிக்கொண்டால் பலிப்பது போல.

மூன்றாவது காரணம் எனக்கு மிகவும் பிடித்தது, அதே சமயம் மிகவும் தவறாகப் புரிந்துகொள்ளப்படுவதும் அதுதான். ஒருவர் நம்மைத் தொட்டுப் பார்த்து, பொறுமையாகக் கேட்டு, "இது சரியாகிவிடும்" என்று சொல்லும்போது வலி உண்மையாகவே குறைகிறது. முட்டியிலிருந்து கிளம்பும் செய்தியை மூளை அப்படியே வலியாகக் காட்டிவிடுவதில்லை. பயம், எதிர்பார்ப்பு, தூக்கம், முன் அனுபவம் எல்லாவற்றையும் சேர்த்துப் பார்த்துத்தான் எவ்வளவு வலிக்க வேண்டும் என்று முடிவாகிறது. பிளசீபோ விளைவு என்று சொல்வதில் பெரும்பகுதி இதுதான். மருந்தே இல்லாத வெறும் மாத்திரையில் ஒருவருக்கு வலி குறைந்தால், அவருக்கு முதலில் வலியே இல்லை, எல்லாம் மனப்பிரமை என்று அர்த்தமில்லை. தயவுசெய்து வலியோடு இருக்கும் யாரிடமும் அப்படிச் சொல்லாதீர்கள்.

இந்த மூன்றையும் கழித்துவிட்டு சிகிச்சையின் சொந்தப் பங்கை மட்டும் எப்படிப் பார்ப்பது? அதற்கான வழி கேட்க எளிமையாக இருக்கும். ஒரே மாதிரி வலியுள்ள நிறைய பேரைச் சேர்த்து, சீட்டுக் குலுக்கி இரண்டு குழுவாகப் பிரிக்க வேண்டும். ஒரு குழுவுக்கு உண்மையான சிகிச்சை. இன்னொரு குழுவுக்குப் பார்வைக்கு அதே மாதிரி இருக்கும், ஆனால் உள்ளே விஷயம் இல்லாத ஒன்று. யாருக்கு எது என்று நோயாளிக்கும் தெரியக்கூடாது, பின்னால் வலியை அளந்து குறிக்கிறவருக்கும் தெரியக்கூடாது. சீட்டுக் குலுக்குவது ஏன் என்றால், டாக்டரே பிரித்தால் தன்னையறியாமல் தேறுகிற மாதிரி இருப்பவர்களை ஒரு பக்கம் சேர்த்துவிடுவார். தானாகக் குறைவதும் உச்சத்திலிருந்து இறங்குவதும் நம்பிக்கையின் பலனும் இரண்டு குழுவுக்கும் சமமாகக் கிடைக்கும். அதற்குமேல் முதல் குழுவுக்கு என்ன கூடுதலாகக் கிடைத்ததோ, அதுதான் சிகிச்சையின் பலன்.

2014ல் வெளிவந்த ஒரு ஆஸ்திரேலிய ஆய்வைப் பாருங்கள். சிட்னியில் திடீர் இடுப்பு வலியோடு வந்த 1,600க்கும் மேற்பட்டவர்களில் சிலருக்குத் தினமும் தவறாமல் பாரசிட்டமால், சிலருக்குத் தேவைப்படும்போது மட்டும் பாரசிட்டமால், மற்றவர்களுக்கு மருந்தில்லாத மாத்திரை கொடுத்தார்கள். ஒவ்வொரு குழுவிலும் பாதிப் பேர் குணமாக எத்தனை நாள் ஆனது என்று பார்த்தால் முதல் இரண்டு குழுக்களுக்கும் 17 நாள், வெறும் மாத்திரைக்கு 16 நாள். அதுவரை உலகம் முழுக்க இடுப்பு வலிக்கு முதலில் எழுதப்பட்டு வந்த மருந்து அது! பாரசிட்டமால் சாப்பிட்டுக் குணமான ஒவ்வொருவரும் மாத்திரையால்தான் குணமானோம் என்று நம்பியிருப்பார்கள், பக்கத்தில் வெறும் மாத்திரைக் குழு இருந்ததால்தான் உண்மை தெரிந்தது.

மாத்திரைக்குப் போலி தயாரிப்பது எளிது. அறுவை சிகிச்சைக்கு?

அதையும் செய்தார்கள். அமெரிக்காவில் ஹூஸ்டனில் உள்ள முன்னாள் படைவீரர்களுக்கான மருத்துவமனையில் புரூஸ் மோஸ்லி என்ற எலும்பு மூட்டு அறுவை மருத்துவர் முட்டித் தேய்மானத்துக்கு ஆர்த்ரோஸ்கோப்பி செய்துவந்தார். சின்னத் துளை போட்டு, கேமரா விட்டு, மூட்டுக்குள்ளே கழுவி, பிசிறுகளைச் சீவி எடுக்கும் ஆபரேஷன். அந்தக் காலத்தில் அமெரிக்காவில் வருடத்துக்கு லட்சக்கணக்கில் நடந்தது, செய்துகொண்டவர்களில் பாதிப் பேராவது வலி குறைந்தது என்றார்கள். இதில் கழுவுவது வேலை செய்கிறதா, சீவுவது வேலை செய்கிறதா என்று மோஸ்லியும் அவருடைய குழுவும் பார்க்க விரும்பினார்கள். 180 பேரைச் சேர்த்து மூன்றாகப் பிரித்தார்கள். ஒரு குழுவுக்குக் கழுவிச் சீவுவது, ஒரு குழுவுக்குக் கழுவுவது மட்டும், மூன்றாவது குழுவுக்குத் தோலில் மூன்று சிறு கீறல் மட்டும். எந்தக் குழு என்று சொல்லும் உறை, நோயாளி ஆபரேஷன் தியேட்டருக்குள் வந்த பிறகுதான் பிரிக்கப்பட்டது. போலிக் குழுவுக்கும் மோஸ்லி எல்லாக் கருவிகளையும் வரிசையாகக் கேட்டு வாங்கினார், முட்டியை மடக்கி நீட்டினார், கழுவும் சத்தம் கேட்பதற்காகத் தண்ணீரைச் சளசளக்க விட்டார், நிஜ ஆபரேஷனுக்கு ஆகும் அதே நேரம் தியேட்டரில் வைத்திருந்தார். இரவு பார்த்துக்கொண்ட நர்ஸ்களுக்கும் யார் எந்தக் குழு என்று தெரியாது.

இரண்டு வருடம் தொடர்ந்து பார்த்தார்கள். 2002ல் முடிவு வெளியானது. மூன்று குழுவிலும் வலி ஓரளவு குறைந்திருந்தது, ஆனால் எந்தக் கட்டத்திலும் நிஜ ஆபரேஷன் செய்துகொண்டவர்கள் போலி ஆபரேஷன் செய்துகொண்டவர்களைவிட நன்றாக இல்லை.

ஏமாற்று வேலை இல்லையா இது என்று சிலருக்குத் தோன்றும். இல்லை. எனக்குப் போலி ஆபரேஷன் கிடைக்கலாம், அதனால் என் முட்டித் தேய்மானத்துக்கு எந்த நன்மையும் இருக்காது என்று தெரிந்தே சேர்கிறேன் என ஒவ்வொருவரும் தங்கள் கைப்பட எழுதிக் கொடுத்திருந்தார்கள். கூப்பிடப்பட்டவர்களில் கணிசமானவர்கள் மறுத்தும் விட்டார்கள். என் கணிப்பில், ஒரு போலி ஆபரேஷனைப் பார்த்துத் தயங்குகிற நாம், சோதிக்கப்படாத நிஜ ஆபரேஷன் லட்சக்கணக்கான பேருக்கு வருடக்கணக்கில் நடப்பதைப் பார்த்தும் அதே அளவு தயங்க வேண்டும்.

பெரும்பாலும் ஆண்கள், ஒரே ஒரு சர்ஜன், ஒரே மருத்துவமனை, ஆகவே எல்லோருக்கும் பொருந்தாது என்று எதிர்ப்பு வந்தது. கேட்க வேண்டிய கேள்விகள்தான் அவை. அப்புறம் "தேய்மானத்துக்கு வேண்டுமானால் பலன் இல்லாமல் இருக்கலாம், ஜவ்வு கிழிந்திருந்தால் வெட்டி எடுக்கத்தானே வேண்டும்" என்றார்கள். ஜவ்வு என்பது இங்கே முட்டி எலும்புகளுக்கு நடுவே மெத்தை போல இருக்கும் மெனிஸ்கஸ். அதற்குப் பதில் பின்லாந்திலிருந்து வந்தது. ஐந்து மருத்துவமனைகளில், 35 முதல் 65 வயது வரையுள்ள 146 பேர். இவர்களில் யாருக்கும் முட்டித் தேய்மானம் இல்லை, ஆனால் எல்லோருக்கும் வயதாவதோடு வரும் ஜவ்வுக் கிழிசல் இருந்தது. பாதிப் பேருக்கு கிழிந்த பகுதியை வெட்டினார்கள், மீதிப் பேருக்கு வெட்டுவது போல் நடித்தார்கள். 2013ல் வெளியான முடிவில், ஒரு வருடம் கழித்து இரண்டு குழுவிலும் 80 சதவீதத்துக்கு மேற்பட்டவர்கள் தேறியிருப்பதாகச் சொன்னார்கள், இரண்டுக்கும் நடுவே பொருட்படுத்தும்படியான வித்தியாசம் இல்லை. ஐந்து வருடம் கழித்துப் பார்த்தபோதும் வெட்டியதால் கூடுதல் நன்மை தெரியவில்லை. இப்படி ஆய்வுகள் சேர்ந்த பிறகு 2017ல் ஒரு சர்வதேச வல்லுநர் குழு, தேய்மானம் சார்ந்த முட்டி வலியுள்ள ஏறக்குறைய யாருக்கும் ஆர்த்ரோஸ்கோப்பி வேண்டாம் என்று அழுத்தமாகப் பரிந்துரைத்தது. விளையாடும்போது திடீரென அடிபட்டுக் கிழிவதும், முட்டி மடக்கவோ நீட்டவோ முடியாமல் அப்படியே பூட்டிக்கொள்வதும் வேறு விஷயம். பின்லாந்து ஆய்வில் அப்படிப்பட்டவர்களைச் சேர்க்கவில்லை, ஆகவே இந்த முடிவை அவர்கள் மேல் போடக்கூடாது.

ஆனால் ஸ்கேனில் கிழிசல் தெரிகிறதே, அதுதானே வலிக்குக் காரணம்? இங்கேதான் நம்மில் நிறைய பேர் பயந்துபோகிறோம், அதனால் இதைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். அமெரிக்காவில் மாசசூசெட்ஸ் மாநிலத்து ஃபிரேமிங்காம் ஊரில் 50 முதல் 90 வயது வரையுள்ள 991 பேருக்கு, முட்டி வலி இருக்கிறதா இல்லையா என்றே பார்க்காமல், எம்ஆர்ஐ எடுத்தார்கள். ஜவ்வு கிழிந்திருந்தவர்களில் 61 சதவீதம் பேருக்கு அதற்கு முந்தைய மாதத்தில் வலியோ இறுக்கமோ எதுவுமே இல்லை. முதுகிலும் இதே கதைதான். முதுகு வலியே இல்லாத 3,000க்கும் மேற்பட்டவர்களின் ஸ்கேன்களைத் தொகுத்து 2015ல் ஒரு ஆய்வு வந்தது. டிஸ்க் தேய்மானம் 20 வயதுக்காரர்களில் 37 சதவீதம் பேருக்கு, 50 வயதில் 80 சதவீதம், 80 வயதில் 96 சதவீதம். டிஸ்க் பிதுங்கியிருப்பது 20 வயதிலேயே 30 சதவீதம் பேருக்கு. திரும்பச் சொல்கிறேன், இவர்கள் யாருக்கும் வலி இல்லை! தலை நரைப்பது, தோல் சுருங்குவது போல உள்ளேயும் வயது தெரிகிறது, அவ்வளவுதான். ரிப்போர்ட்டில் "தேய்மானம்", "டிஸ்க் பிதுக்கம்" என்று பார்த்த மறுநாளிலிருந்து குனியவே பயந்து, குடத்தைத் தூக்கவே பயந்து வாழ்கிறவர்கள் இந்த எண்களை ஒருமுறையாவது கேட்டிருக்க வேண்டும் என்று நான் மனதார விரும்புகிறேன்.

தோள்பட்டைக்கு பிரிட்டனில் நடந்த ஆய்வு இன்னொரு விஷயத்தைக் கற்றுக்கொடுக்கும். கையைத் தூக்கும்போது தோளில் எலும்பு உரசுகிறது என்று சொல்லி அந்த எலும்பைச் சீவி இடம் ஏற்படுத்தும் ஆபரேஷன் ஒன்று உண்டு. 313 பேரை மூன்றாகப் பிரித்தார்கள். நிஜ ஆபரேஷன், கேமராவை மட்டும் உள்ளே விட்டு எதையும் சீவாமல் வெளியே எடுப்பது, ஒன்றுமே செய்யாமல் கண்காணிப்பது. நிஜத்துக்கும் போலிக்கும் வித்தியாசம் இல்லை. ஒன்றுமே செய்யாத குழுவைவிட இரண்டு ஆபரேஷன் குழுவும் கொஞ்சம் தேவலாம், ஆனால் அந்த வித்தியாசம் நோயாளி அன்றாட வாழ்க்கையில் உணரும் அளவுக்கு இல்லை. அந்த மூன்றாவது குழு மட்டும் இல்லாமல் இருந்திருந்தால் தானாகத் தேறுவது எவ்வளவு, ஆபரேஷன் என்ற நிகழ்வின் பலன் எவ்வளவு என்று பிரித்தே சொல்லியிருக்க முடியாது.

வலுவான மருந்து கொடுத்தால் கேட்குமே என்றால், அதையும் சோதித்திருக்கிறார்கள். ஆஸ்திரேலியாவில் 347 பேருக்கு, திடீர் இடுப்பு வலிக்கும் கழுத்து வலிக்கும், ஓபியாய்டு என்ற அபின் வகை வலி மாத்திரையையும் வெறும் மாத்திரையையும் ஒப்பிட்டு 2023ல் முடிவு சொன்னார்கள். ஆறு வாரத்தில் ஓபியாய்டு எடுத்தவர்கள் மேலாக இல்லை.

படுத்து ஓய்வெடுப்பது? 1995லேயே ஹெல்சிங்கி மாநகராட்சி ஊழியர்களிடம் பார்த்துவிட்டார்கள். இடுப்பு பிடித்துக்கொண்டவர்களில் ஒரு குழு இரண்டு நாள் முழு ஓய்வு, ஒரு குழு முதுகுக்கான உடற்பயிற்சி, ஒரு குழு வலி விடுகிற அளவுக்கு வழக்கமான வேலையைப் பார்த்துக்கொண்டிருப்பது. சீக்கிரம் தேறியது மூன்றாவது குழு, மெதுவாகத் தேறியது படுத்திருந்தவர்கள். இவ்வளவு காலம் ஆகியும் "அசையாமல் படு" என்ற அறிவுரை இன்னும் வீடுகளில் புழங்குவது எனக்கு வருத்தம்தான், ஏனென்றால் அதைச் சொல்கிறவர்கள் அன்பினால்தான் சொல்கிறார்கள்.

அப்படியானால் எதுதான் வேலை செய்கிறது? நாள்பட்ட இடுப்பு வலிக்கு உடற்பயிற்சி பற்றி 249 ஆய்வுகளைச் சேர்த்து அலசிய மதிப்பாய்வு ஒன்றை, மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து எடைபோடும் காக்ரேன் என்ற அமைப்பு 2021ல் வெளியிட்டது. சிகிச்சை எடுக்காதவர்கள், வழக்கமான கவனிப்பு மட்டும் பெற்றவர்கள் ஆகியோருடன் ஒப்பிட்டால், 100 புள்ளி அளவுகோலில் சராசரியாக 15 புள்ளி வலி குறைகிறது. பெரிய அற்புதம் இல்லை, ஆனால் உணரக்கூடிய மாற்றம். இதில் ஒரு பலவீனத்தையும் சொல்லியாக வேண்டும். உடற்பயிற்சிக்கு நல்ல போலி தயாரிக்க முடியாது, செய்கிறவருக்குத் தான் செய்வது தெரியும், ஆகவே அந்த 15 புள்ளியில் நம்பிக்கையின் பங்கும் கொஞ்சம் கலந்திருக்கும். இருந்தாலும் ஊசியோடும் ஆபரேஷனோடும் ஒப்பிடும்போது செலவும் ஆபத்தும் குறைவு, கூடவே சர்க்கரைக்கும் இதயத்துக்கும் தூக்கத்துக்கும் நல்லது என்பதால் என் ஓட்டு இதற்குத்தான்.

நடைப் பயிற்சிக்கு வந்த ஆய்வு எனக்கு இன்னும் பிடிக்கும். இடுப்பு வலி ஒருமுறை சரியானாலும் திரும்பத் திரும்ப வரும் இல்லையா, அதைத் தள்ளிப்போட முடியுமா என்று ஆஸ்திரேலியாவில் 701 பேரிடம் பார்த்தார்கள். ஒரு குழுவுக்கு பிசியோதெரபிஸ்ட் ஒருவர் அவரவர் வயது, உடல்நிலை, வசதிக்கு ஏற்ப நடையைப் படிப்படியாகக் கூட்டும் திட்டம் போட்டுக் கொடுத்தார், வாரத்தில் ஐந்து நாள் அரை மணி நேரம் என்பது இலக்கு, கூடவே வலி பற்றிய விளக்கமும். அன்றாட வேலையை முடக்கும் அளவுக்கு வலி மறுபடி வருவதற்கு நடந்தவர்களில் பாதிப் பேருக்கு 208 நாள் ஆனது, நடைத் திட்டம் கிடைக்காதவர்களுக்கு 112 நாள். 2024ல் வந்த முடிவு இது.

விளக்கம் என்று சொன்னேன் இல்லையா, அதையே மையமாக வைத்தும் ஒரு சிகிச்சை முறை இருக்கிறது. வருடக்கணக்கில் வலியோடு இருக்கும் ஒருவரிடம், எதைச் செய்யப் பயப்படுகிறீர்கள், ஏன் மூச்சைப் பிடித்துக்கொண்டு குனிகிறீர்கள் என்று கேட்டு, பயந்த அசைவையே கொஞ்சம் கொஞ்சமாகப் பழக வைப்பது. ஆஸ்திரேலியாவில் 492 பேரிடம் நடந்த ஆய்வில் வழக்கமான கவனிப்பைவிட இந்த முறையில் முடக்கம் தெளிவாகக் குறைந்தது, ஒரு வருடம் கழித்தும் அந்தப் பலன் நின்றது.

இதையெல்லாம் படித்துவிட்டு ஆபரேஷனே வீண் என்று நினைத்துவிடாதீர்கள். டென்மார்க்கில் முட்டித் தேய்மானம் முற்றியிருந்த 100 பேரில் பாதிப் பேருக்கு மூட்டு மாற்றி, பிறகு உடற்பயிற்சியும் பிற சிகிச்சையும் கொடுத்தார்கள், மீதிப் பேருக்கு ஆபரேஷன் இல்லாமல் மற்றதெல்லாம். ஒரு வருடத்தில் மூட்டு மாற்றியவர்கள் ஏறக்குறைய இரண்டு மடங்கு முன்னேறியிருந்தார்கள், ஆனால் கடுமையான பக்கவிளைவுகளும் அந்தப் பக்கமே அதிகம். மற்றக் குழுவில் நான்கில் மூன்று பங்குக்கு அருகில் இருந்தவர்கள் அந்த ஒரு வருடத்துக்குள் ஆபரேஷன் பக்கம் போகவில்லை. முடிவெடுக்க இதைவிட நேர்மையான தகவல் என்ன வேண்டும்? பலன் இவ்வளவு, ஆபத்து இவ்வளவு, தள்ளிப்போட்டால் இப்படி இருக்கும் என்று தட்டில் வைத்துக் கொடுக்கிறது.

அடுத்த முறை "முட்டி வலிக்குப் புதிய சிகிச்சை, 80 சதவீதம் பேருக்குப் பலன்" என்று செய்தி வந்தால் முதலில் தேட வேண்டியது, எதோடு ஒப்பிட்டார்கள் என்பதை. ஒப்பீட்டுக் குழுவே இல்லையென்றால் அந்த 80 சதவீதம் எதையும் சொல்லவில்லை, பின்லாந்தில் போலி ஆபரேஷனுக்கே அந்த அளவு கிடைத்தது. வித்தியாசம் நோயாளி உணரும் அளவுக்கு இருந்ததா, எத்தனை மாதம் நின்றது என்று பாருங்கள். எதை அளக்கப் போகிறோம் என்று ஆய்வு தொடங்கும் முன்பே பதிவு செய்தார்களா என்றும் பார்க்க வேண்டும், ஏனென்றால் பத்து விதமாக அளந்துவிட்டு நன்றாக வந்த ஒன்றை மட்டும் வெளியே சொல்வது எளிது. இந்தியாவில் இதற்காக 2007லிருந்து ஒரு தேசியப் பதிவேடு இயங்குகிறது, 2009லிருந்து பதிவு கட்டாயம், யார் வேண்டுமானாலும் இணையத்தில் தேடிப் பார்க்கலாம்.

ஒரு விஷயம் இந்த எல்லாவற்றுக்கும் வெளியே. இடுப்பு வலியோடு சிறுநீரோ மலமோ கட்டுப்பாடு இல்லாமல் போவது அல்லது சிறுநீர் வராமல் அடைத்துக்கொள்வது, தொடை இடுக்கிலும் ஆசனவாய்ப் பகுதியிலும் மரத்துப் போவது, காலில் பலம் குறைந்துகொண்டே வருவது என்று இருந்தால் அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். காய்ச்சலோடு வரும் முதுகு வலி, புற்றுநோய் வந்தவர்களுக்குப் புதிதாக வரும் வலி, காரணமில்லாமல் எடை குறைவது, வயதானவர்கள் கீழே விழுந்த பிறகு விடாமல் வலிப்பது, மூட்டு சட்டென்று சிவந்து வீங்கிச் சுடுவது, இவற்றிலும் நடந்து பார்ப்போம் என்று காத்திருக்கக் கூடாது, உடனே டாக்டரிடம் காட்டுங்கள்.